படத்தின் மூலை ஏன் இருளுகிறது? ஃப்ளோரசன்ஸ் படங்களை மணிகள் கொண்டு சரிசெய்யும் முறை

முட்டம் கடலில் எடுத்த நீரிலிருந்து டயாட்டம் பாசிகளைப் பிரித்து, ஒரு மாணவி ஃப்ளோரசன்ஸ் நுண்ணோக்கியில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நீல ஒளி பட்டால் பச்சையம் சிவப்பாக ஒளிரும். அந்தச் சிவப்பை அளந்து எந்தச் செல்லில் பச்சையம் கூடுதல் என்று பார்ப்பதுதான் அவளுடைய திட்டக் கட்டுரை. இருநூறு செல்களுக்கு மேல் அளந்து முடித்த பிறகு வந்து கேட்டாள்: “மிஸ், ஓரத்தில் இருக்கிற செல்லெல்லாம் ஏன் எப்போதும் மங்கலாகவே இருக்கிறது?”

ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கச் சொன்னேன். மூலையில் மங்கிக் கிடந்த செல் நடுவுக்கு வந்ததும் பளிச்சென்று எரிந்தது. நடுவில் பிரகாசமாக இருந்தது ஓரத்துக்குப் போய் மங்கியது. செல்கள் அப்படியேதான் இருந்தன. அவள் அத்தனை நாள் அளந்ததில் பாதி பச்சையம், பாதி விளக்கு.

குமரி மாவட்டக் கல்லூரிகளில் இந்த நுண்ணோக்கியில் புதிதாக உட்காரும் மாணவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கண்ணால் பார்த்து ‘இருக்கிறது, இல்லை’ என்று மட்டும் சொல்வதானால் இந்த வேலை தேவையில்லை. ஒரு செல்லின் ஒளியை இன்னொன்றின் ஒளியோடு எண்ணால் ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யாமல் ஒரு எண்ணையும் எழுதக் கூடாது.

விளக்கின் பங்கு

விளக்கின் ஒளி ஸ்லைடின் மீது சமமாக விழுவதில்லை. பாதரச விளக்கில் ஒளி பிறக்கும் இடம் மிகச் சிறியது. அதை நடுவில் நிறுத்தும் திருகுகள் சற்று விலகினாலும் படத்தின் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் இருளும். லேசர் கற்றைக்கு இயல்பிலேயே நடுவில்தான் உச்சம். எல்இடி விளக்கு இவற்றைவிட நன்றாக இருக்கும், ஆனாலும் முழுச் சமம் இல்லை. இத்தோடு, ஓரத்துச் செல்லிலிருந்து கிளம்பும் ஒளி முழுவதும் லென்ஸ் வழியாகக் கேமராவுக்கு வந்து சேர்வதும் இல்லை. விழுவதிலும் குறைவு, திரும்பி வருவதிலும் குறைவு.

இந்தக் குறைவு பெருக்கலாக வேலை செய்கிறது என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மூலைக்கு நடுவைப்போல 0.6 பங்கு ஒளிதான் கிடைக்கிறது என்றால், 1000 அளவுள்ள செல் அங்கே 600 ஆகத் தெரியும், 100 அளவுள்ள செல் 60 ஆகத் தெரியும். முன்னதில் 400 குறைந்தது, பின்னதில் 40 தான் குறைந்தது. ஆகவே ஒரே எண்ணைக் கூட்டியோ கழித்தோ இதைச் சரிசெய்ய முடியாது. வகுக்க வேண்டும். மென்பொருளில் பின்னணியைக் கழிக்கும் பொத்தான் ஒன்று இருக்கும். அழுத்தினால் படம் கண்ணுக்கு அழகாகிவிடும், செல்களின் அளவோ கோணலாகவே இருக்கும். புதியவர்கள் அதிகம் விழும் குழி இதுதான்.

சரி, எந்த இடத்தில் எவ்வளவு பங்கு என்று எப்படித் தெரிந்துகொள்வது? மழை பெய்யும்போது வீட்டு முற்றம் முழுக்கச் சிரட்டைகளைப் பரப்பி வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுக் கூரையின் இறவாணத்துக்குக் கீழே இருக்கும் சிரட்டை நிரம்பி வழியும், மாமரத்தடிச் சிரட்டையில் அரைவாசிதான் இருக்கும். மழை எங்கே எவ்வளவு என்பதற்கு அதுவே வரைபடம். ஆனால் சிரட்டைகள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லையே. அதற்கு இரண்டு வழி உண்டு. ஒரே சிரட்டையை இடம் மாற்றி மாற்றி வைத்து அளக்கலாம். அல்லது நூற்றுக்கணக்கில் பரப்பிச் சராசரி எடுக்கலாம். அளவுமணிகளைக் கொண்டு நாம் செய்வதும் இதேதான்.

மணிகள்

ஆய்வகத்தில் பீட்ஸ் என்று சொல்லும் இவை சாயம் ஏற்றிய பாலிஸ்டைரீன் உருண்டைகள். குப்பியில் பால்போலக் கலங்கிய நீர்மமாக வரும். ஒரு மைக்ரானுக்குக் கீழிருந்து பத்து மைக்ரானுக்கு மேல் வரை பல அளவுகளில் கிடைக்கும். 20 மடங்கு லென்ஸுக்கு 4 மைக்ரான் அளவு வசதியானது. மிகச் சிறியவை எளிதில் குவியம் தப்பும், சீக்கிரம் சாயம் வெளுக்கும்.

எந்த ஃபில்டர் வழியாகச் செல்லைப் பார்க்கிறீர்களோ அதே ஃபில்டரில் மணியும் ஒளிர வேண்டும். டெட்ராஸ்பெக் போன்ற மணிகளில் நீலம், பச்சை, ஆரஞ்சு, அடர்சிவப்பு என நான்கு சாயங்கள் ஒரே உருண்டைக்குள் இருப்பதால் ஒரே ஸ்லைடு பல ஃபில்டருக்கு உதவும். பச்சையத்தின் கதை வேறு. அது நீலத்தில் தூண்டப்பட்டு 680 நானோமீட்டர் அருகே சிவப்பில் ஒளிர்கிறது. அதற்கு, செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஒளியை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவிகளைச் சரிபார்க்க வைத்திருக்கும் அகன்ற நிறமாலை மணிகள் பொருந்தும். பாசி ஆய்வு செய்பவர்கள் அதையே கேட்டு வாங்குங்கள்.

‘பாசியையே அளவுகோலாக வைக்கக் கூடாதா?’ என்று கேட்பார்கள். கூடாது. இருட்டிலிருந்த உயிருள்ள பாசியின் மீது ஒளி விழுந்ததும் அதன் பச்சைய ஒளிர்வு விநாடிக்கு விநாடி ஏறி இறங்கும். நிலையில்லாத ஒன்றை வைத்து இன்னொன்றை அளக்க முடியாது.

ஒளிரும் பிளாஸ்டிக் துண்டையோ செறிந்த சாயக் கரைசலையோ வைத்துப் படம் எடுப்பதும் வழக்கத்தில் உண்டு. வேகமான வழிதான். ஆனால் தடித்த துண்டில் குவியத்துக்கு மேலும் கீழும் இருக்கும் பகுதிகளும் ஒளிர்ந்து கலந்துவிடும், ஒளியின் வடிவம் மழுங்கும். மணியோ உங்கள் செல் இருக்கும் அதே தளத்தில், மெல்லிய ஒற்றை அடுக்காக உட்காருகிறது. அதனால்தான் நான் மணியின் பக்கம் நிற்கிறேன்.

ஸ்லைடு தயாரித்தல்

குப்பியைக் குளிர்பெட்டியில் 4 டிகிரியில், வெளிச்சம் படாமல் வையுங்கள். உறையவிடக் கூடாது, உறைந்தால் மணிகள் கட்டியாகிவிடும். எடுத்ததும் நன்றாகக் குலுக்குங்கள், ஏனென்றால் மணிகள் அடியில் படிந்திருக்கும்.

அடுத்தது நீர்த்தல். 4 மைக்ரான் மணி, 1 சதவீதக் குழம்பு என்றால் ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 28 கோடி மணிகள் இருக்கும். அதில் 20 மைக்ரோலிட்டர் எடுத்து 980 மைக்ரோலிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கலந்தால் 50 மடங்கு நீர்க்கும். அந்தக் கலவையில் 10 மைக்ரோலிட்டரை 22 மில்லிமீட்டர் சதுரக் கவர்ஸ்லிப் முழுவதும் பரப்பினால், 20 மடங்கு லென்ஸில் ஒரு பார்வைப் புலத்துக்கு முப்பது, நாற்பது மணிகள் தென்படும். அந்த அளவு போதும். உங்கள் குப்பியின் செறிவு வேறாக இருந்தால் இந்த எண்ணிக்கை வரும்வரை கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். மணிகள் நெருங்கினால் ஒன்றின் ஒளி மற்றொன்றின் கணக்கில் சேர்ந்துவிடும்.

பரப்புவதில் பொறுமை வேண்டும். சொட்டை அப்படியே விட்டுக் காயவைத்தால், காப்பிக் கோப்பை வைத்த இடத்தில் வளையமாகக் கறை விழுமே, அதுபோல மணிகள் எல்லாம் சொட்டின் விளிம்புக்கு ஓடிப்போய் மாலையாகச் சேர்ந்துவிடும். நடுவில் ஒன்றிரண்டு மட்டும் தனித்து நிற்கும். விளிம்பில் நீர் விரைவாக ஆவியாகிறது, அதை ஈடுசெய்ய உள்ளிருந்து ஓடும் நீர் மணிகளையும் இழுத்துப் போகிறது. பிப்பெட் முனையைச் சாய்த்துப் பிடித்து, சொட்டைக் கவர்ஸ்லிப்பின் நான்கு மூலைக்கும் மெல்ல இழுத்துவிடுங்கள். மேலே பெட்ரித் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். மின்விசிறிக் காற்று படக் கூடாது. ஆனி, ஆடி மழையிலும் ஐப்பசி மழையிலும் நம் ஊர் ஈரக் காற்றில் அது காய்வதாகவே இருக்காது. அப்போது சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவுக்குள் வைத்துவிடுங்கள்.

காய்ந்த பின் ஸ்லைடில் ஒரு துளி கிளிசரின் விட்டு, மணிப் பக்கம் கீழாகக் கவர்ஸ்லிப்பைக் கவிழ்த்து, ஓரங்களை நகப்பூச்சால் அடையுங்கள். மணிகள் கழன்று மிதந்தால் அடுத்த முறை கவர்ஸ்லிப்பில் முன்கூட்டியே, மணிகளைப் பிடித்து வைக்கும் பாலிலைசின் பூசிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. தாவரவியல் ஆய்வகங்களில் நிரந்தர ஸ்லைடு என்றாலே கை தானாக டிபிஎக்ஸ் என்ற ஸ்லைடுப் பசைப் புட்டிக்குப் போகும். என்னுடைய முதல் மணி ஸ்லைடையும் நான் அப்படித்தான் மூடினேன். மறுநாள் பார்த்தபோது உருண்டைகள் வீங்கிக் குழைந்து, சுற்றிலும் சாயம் கசிந்து, புலம் முழுவதும் மங்கலான ஒளி பரவியிருந்தது. டிபிஎக்ஸில் சைலீன் இருக்கிறது, பாலிஸ்டைரீன் சைலீனில் கரையும். விலை கூடிய மணிகள் ஒரே இரவில் வீணாயின. நீங்கள் அந்தப் புட்டியைத் தொடாதீர்கள்.

படம் எடுத்தல்

பாதரச விளக்கானால் ஏற்றி அரை மணி நேரம் காத்திருங்கள். கேமராவில் தானியங்கி எக்ஸ்போஷர், தானியங்கி வெள்ளைச் சமன் இரண்டையும் நிறுத்துங்கள். ஒளிக்கு நேர்விகிதமாகவே எண் வர, காமா என்ற அமைப்பு 1 என்று இருக்க வேண்டும். படத்தை டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் கோப்பு இடத்தை மிச்சப்படுத்துவதற்காக எண்களையே மாற்றிவிடும்.

எக்ஸ்போஷர் நேரத்தைக் கவனமாக வையுங்கள். 12 பிட் கேமராவில் உச்ச எண் 4095. மிகப் பிரகாசமான மணியின் உச்சம் 3000 அளவில் நிற்கட்டும். 4095ஐத் தொட்ட பிக்சல் நிரம்பி வழிந்த குடம். உள்ளே வந்தது எவ்வளவு என்பதை எந்தக் கணக்காலும் மீட்க முடியாது.

முதலில் இருட்டுப் படம். ஷட்டரை மூடி, அறை விளக்கை அணைத்து, அதே எக்ஸ்போஷர் நேரத்தில் 20 படங்கள் எடுத்துச் சராசரியாக்குங்கள். ஒளியே விழாதபோதும் கேமரா பூஜ்யம் காட்டாது. பல கேமராக்களில் 100 அளவில் ஒரு அடிமட்ட எண் நிற்கும். இதை எல்லாப் படத்திலிருந்தும் கழிக்க வேண்டும். கழித்தல் முறையாக வரும் இடம் இதுதான்.

பிறகு மணிகள். மேடை துல்லியமாக நகரும் நுண்ணோக்கியானால் ஒற்றை மணி முறை அருமையானது. தனியாக நிற்கும் ஒரு மணியைத் தேர்ந்தெடுத்து, புலத்தை 5 வரிசை, 5 நிரல் என்று பிரித்து, 25 இடங்களிலும் அதே மணியைக் கொண்டுபோய் நிறுத்திப் படம் எடுங்கள். ஒரு மணிக்கும் இன்னொரு மணிக்கும் உள்ள வேறுபாடு என்ற பேச்சே இங்கே இல்லை. ஆனால் 25 முறை ஒளி பட்டால் சாயம் வெளுக்கும். அதனால் ஒவ்வொரு வரிசை முடிந்ததும் மணியை நடுவுக்குக் கொண்டுவந்து ஒரு படம் எடுங்கள். நடுவின் அளவு இறங்கிக்கொண்டே வந்தால் விளக்கைக் குறைத்து, வேறொரு மணியில் மீண்டும் தொடங்குங்கள்.

கையால் திருகும் மேடை என்றால் இரண்டாவது முறை. ஸ்லைடில் வெவ்வேறு இடங்களில் 50 புலங்கள் எடுங்கள். ஒவ்வொன்றிலும் குவியத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இதில் 40 படங்களை வரைபடத்துக்கு வைத்துக்கொண்டு 10 படங்களைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். அவை பிறகு சோதனைக்கு. நாற்பது புலத்தில் ஆயிரத்துக்கு மேல் மணிகள் கிடைக்கும். மணிகளுக்குள் இருக்கும் சிறு ஏற்றத்தாழ்வு அந்தக் கூட்டத்தில் கரைந்துவிடும். எங்கள் கல்லூரியில் இந்த முறையைத்தான் பின்பற்றுகிறோம்.

அளந்து வரைபடமாக்குதல்

நுண்ணோக்கிப் படங்களை அளக்க உதவும் ஃபிஜி மென்பொருள் இலவசம். இருட்டுப் படத்தைக் கழித்துவிட்டு, ஃபைண்ட் மாக்ஸிமா கட்டளையால் மணிகளின் இடங்களைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு மணியைச் சுற்றியும் மணியின் விட்டத்தைப்போல மூன்று மடங்கு அகலத்தில் ஒரு வட்டம், அதற்கு வெளியே ஒரு வளையம். வளையத்தின் சராசரி அந்த இடத்தின் பின்னணி. வட்டத்துக்குள் இருக்கும் பிக்சல்கள் அனைத்திலும் அந்தப் பின்னணியைக் கழித்துக் கூட்டினால் அதுவே மணியின் மொத்த ஒளி. உச்சப் பிக்சலை மட்டும் எடுக்காதீர்கள். குவியம் இம்மி தவறினாலும் உச்சம் சரியும், மொத்தம் அவ்வளவாக அசையாது.

ஒட்டிக்கொண்டு நிற்கும் இரட்டை மணிகளைத் தூக்கிப் போடுங்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் அக்கம்பக்கத்து மணிகளைவிட இரண்டு மடங்கு காட்டும்.

இப்போது ஒவ்வொரு மணிக்கும் மூன்று எண்கள் இருக்கின்றன: கிடைத்தூரம், குத்துத்தூரம், மொத்த ஒளி. விரிதாளில் கிடைத்தூரத்தின் வர்க்கம், குத்துத்தூரத்தின் வர்க்கம், இரண்டின் பெருக்கல் என மேலும் மூன்று நிரல்களைச் சேர்த்து, லைன்எஸ்ட் என்ற சார்பைக் கொடுத்தால், இடத்தைக் கொண்டு ஒளியைச் சொல்லும் சமன்பாட்டின் ஆறு கெழுக்கள் வரும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. லைன்எஸ்ட் கெழுக்களைத் தலைகீழ் வரிசையில் தரும். கடைசி நிரலின் கெழு முதலில் வரும், மாறிலி இறுதியில் நிற்கும். இதைக் கவனிக்காமல் வரைந்தால் ஒளியின் மேடு படத்துக்கு வெளியே எங்கோ போய் நிற்கும்.

ஃபிஜியில் உங்கள் படத்தின் அளவிலேயே 32 பிட் வெற்றுப் படம் ஒன்றைத் திறந்து, ப்ராசஸ் பட்டியலில் மேத் பிரிவிலுள்ள மேக்ரோ கட்டளையில் அந்தச் சமன்பாட்டை எழுதினால் படம் முழுவதும் மென்மையான ஒரு குன்று எழும். அதன் உச்ச மதிப்பால் முழுவதையும் வகுத்துவிட்டால் உச்சம் 1, மற்ற இடங்கள் 0.9, 0.75, 0.6 என்று இறங்கும். இதுதான் உங்கள் ஒளி வரைபடம்.

வகுத்தல்

செய்ய வேண்டியது ஒரே வரி: படத்திலிருந்து இருட்டுப் படத்தைக் கழித்து, வரும் விடையை ஒளி வரைபடத்தால் வகுக்க வேண்டும். வகுக்கும் முன் படத்தை 32 பிட் ஆக மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தசம எண்கள் வெட்டுப்படும். பின்னணி இன்னும் மீதம் இருந்தால் வகுத்த பிறகு கழியுங்கள்.

இருட்டைக் கழிக்க மறந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிலேயே பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு மங்கலான செல்கள். நடுவில் இருப்பது 200 காட்டுகிறது, 0.6 பங்குள்ள மூலையில் இருப்பது 160 காட்டுகிறது. கேமராவின் அடிமட்டம் 100. முறையாகச் செய்தால் நடுவில் 100ஐ 1ஆல் வகுக்க 100, மூலையில் 60ஐ 0.6ஆல் வகுக்க 100. இரண்டும் சமம். கழிக்காமல் வகுத்தால் நடுவில் 200, மூலையில் 267. மங்கலாக இருந்த மூலை இப்போது நடுவைவிடப் பிரகாசம். தவறு நீங்கவில்லை, திசை மாறிவிட்டது. பிரகாசமான செல்லில் இந்தப் பிழை அவ்வளவாகத் தெரியாது என்பதால் யாரும் கண்டுபிடிப்பதும் இல்லை.

ஒதுக்கி வைத்த 10 மணிப் படங்களை இப்போது எடுங்கள். அவற்றையும் இதே முறையில் வகுத்து, மணிகளின் ஒளியை நடுவிலிருந்து உள்ள தூரத்துக்கு எதிராகப் புள்ளி வைத்துப் பாருங்கள். திருத்தும் முன் சரிவாக இறங்கிய புள்ளிக் கூட்டம் இப்போது படுக்கையாக நிற்க வேண்டும். இன்னும் சரிவு இருந்தால் எங்கோ பிசகு. வரைபடம் செய்த அதே படங்களிலேயே சோதித்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும், அதை நம்பாதீர்கள்.

திருத்தம் எதையெல்லாம் செய்யாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். 0.6ஆல் வகுக்கும்போது செல்லின் ஒளியோடு இரைச்சலும் பெருகுகிறது, மூலைச் செல்லின் அளவு நடுச் செல்லைவிட நடுங்கிக்கொண்டேதான் இருக்கும். மூலை 0.3க்குக் கீழே போயிருந்தால் கணக்கை நம்புவதைவிட அந்தப் பகுதியை வெட்டி எறிவதே நேர்மை. கேமரா மீதுள்ள தூசியின் நிழலும் மணி வரைபடத்தில் வராது, துடைத்துத்தான் போக்க வேண்டும்.

வரைபடம் எப்போது பழசாகும்

லென்ஸுக்கு ஒன்று, ஃபில்டருக்கு ஒன்று எனத் தனித்தனி வரைபடம் வேண்டும். 20 மடங்கு லென்ஸின் வரைபடத்தை 40 மடங்குக்குப் போடக் கூடாது. விளக்கு மாற்றினால், திருகைத் தொட்டால், கேமராவைக் கழற்றி மாட்டினால் பழைய வரைபடம் செல்லாது. மழைக்காலத்தில் மின்சாரம் போய் வரும்போது பாதரச விளக்கை உடனே ஏற்றாதீர்கள். குழல் ஆறுவதற்கு அரை மணி நேரம் கொடுங்கள், இல்லையென்றால் விளக்கின் ஆயுள் குறையும்.

இன்னொன்று கடற்கரை மாவட்டத்துக்கே உரியது. உப்பும் ஈரமும் கலந்த காற்றில் லென்ஸின் உள்ளே பூஞ்சை படரும். லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால் சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் தெரியும். அது வந்தால் மாதத்துக்கு மாதம் ஒளி வரைபடம் உருமாறும். மணி ஸ்லைடை ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு முறை வைத்து, நடுவிலும் நான்கு மூலையிலும் மணியை அளந்து குறித்துவாருங்கள். கண்ணுக்குத் தெரியும் முன்பே எண் காட்டிக்கொடுக்கும். லென்ஸ்களைச் சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் அடுப்பில் உலர்த்திவிடுங்கள்.

அந்த மாணவியின் இருநூறு செல்களும் வீணாகவில்லை. படங்கள் எடுத்த நாளிலிருந்து யாரும் விளக்கையும் கேமராவையும் தொடவில்லை என்று குறிப்பேட்டில் பார்த்து உறுதி செய்துகொண்டோம். அதனால் அன்று மாலையே மணி ஸ்லைடு செய்து, மறுநாள் வரைபடம் எடுத்து, பழைய படங்கள் எல்லாவற்றையும் அதனால் வகுத்தோம். ஓரத்தில் மங்கிக் கிடந்தவற்றில் பெரும்பாலானவை மற்றவற்றோடு வந்து சேர்ந்தன. நான்கைந்து செல்கள் மட்டும் திருத்திய பின்னும் தனித்துப் பிரகாசமாக நின்றன. அவள் இப்போது அவற்றைத்தான் ஆராய்கிறாள்.